ஃபார்மட் அடிப்பதற்கு முன்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் கைக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வந்து சேர்ந்தன. விருதுநகர் - சிவகாசி வட்டாரத்தில், அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை கட்டியிருக்கும் ஆனைக்குட்டம் போன்ற ஊர்களில் அது சின்ன விஷயமில்லை. அப்பா வெடி ஆலைக்கும் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகிற வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி பெரும்பாலும் அதுதான்.

தொடக்கத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாஸ், சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-இல் வந்தது. அதற்கு முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூஸே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியிருந்தது. ஆக, பள்ளிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கொடுப்பது திடீரென்று தோன்றிய யோசனை அல்ல.

ஆனால் மடிக்கணினி வந்த கையோடு பல பிள்ளைகள் செய்த முதல் 'வேலை' பாஸைத் தூக்குவதுதான். "அது சும்மா இடத்த அடைக்குது" என்று யாராவது ஒரு அண்ணன் சொல்லியிருப்பார். விண்டோஸுக்குள் போய், டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, லினக்ஸுக்கென்று பிரித்து வைத்திருந்த டிஸ்க் பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, அழித்துவிடுவார்கள். அப்போது ஒன்றும் ஆகாது. மறுமுறை ஆன் செய்யும்போதுதான் தெரியும். கறுப்புத் திரை. 'அந்தப் பார்ட்டிஷன் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு மின்னிக்கொண்டே இருக்கும்.

அடுத்த நிறுத்தம் சர்வீஸ் கடை.

"அண்ணே, ஆன் ஆக மாட்டேங்குது."

"ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். போட்டுருவோம்மா. உள்ள ஏதும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்ணே."

இந்த மூன்று வரிகளுக்குள் எத்தனை குடும்பங்களின் புகைப்படங்கள் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஏனென்றால், அந்தக் கணினிக்கு ஃபார்மட் தேவையே இல்லை. 446 பைட் அளவுள்ள ஒரு சிறு துணுக்கைத் திருப்பி எழுதினால் போதும். அது எப்படி என்று தெரிந்துகொள்ள டிஸ்க்கின் முதல் செக்டருக்குள் போக வேண்டும்.

அந்த மடிக்கணினிகளில் இருந்தது 320 ஜி.பி. டிஸ்க். காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல, அதன்மேல் படாமல் நானோமீட்டர் கணக்கான உயரத்தில் ஒரு முனை மிதந்து படிக்கும், எழுதும். தட்டின் பரப்பு முழுவதும் செக்டர் என்ற சிறு துண்டுகளாக எண்ணிடப்பட்டிருக்கும். ஒரு செக்டரில் 512 பைட். 320 ஜி.பி.க்கு மொத்தம் சுமார் 62.5 கோடி செக்டர்கள். விண்டோஸ் அதையே 298 ஜி.பி. என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சந்தேகப்பட வேண்டாம். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் மடங்கிலும், விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்குப் போடுவதால் வரும் வித்தியாசம் அது.

இந்த 62.5 கோடியில் முதலாவது செக்டருக்குத் தனி மரியாதை. மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்று பெயர். ஐ.பி.எம். பி.சி.க்கு ஹார்ட் டிஸ்க் வந்தபோது, 1983-இல் வெளியான பி.சி. டாஸ் 2.0-வோடு இந்த ஏற்பாடு பிறந்தது. அதன் 512 பைட்டில் முதல் 446 பைட் ஒரு குட்டி நிரல். கணினியை ஆன் செய்தவுடன் டிஸ்க்கிலிருந்து முதலில் ஓடுவது அதுதான். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை. கடைசி 2 பைட் 'இது செல்லும்' என்பதற்கான முத்திரை.

அட்டவணையின் 64 பைட்டில் நான்கு வரிகள், வரிக்கு 16 பைட். ஒவ்வொரு வரியும் சொல்வது இவ்வளவுதான்: இந்தப் பார்ட்டிஷன் எந்த வகை, எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம், பூட் ஆவது இதிலிருந்தா. வகைக்கு ஒரு எண். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். என்றால் 07, லினக்ஸ் என்றால் 83, லினக்ஸின் ஸ்வாப் என்றால் 82. செக்டர் எண்ணை எழுத 32 பிட் மட்டுமே ஒதுக்கியதால், 2 டி.பி.க்கு மேற்பட்ட டிஸ்க்கை இந்த அட்டவணையால் முழுதாக விவரிக்க முடியாமல் போனது. நான்கு வரிக்கு மேல் பார்ட்டிஷன் வேண்டுமென்றால் ஒரு வரியை 'நீட்சி' என்று குறித்து, அதற்குள் இன்னொரு அட்டவணை வைக்க வேண்டியதாயிற்று. 1983-இல் 10 எம்.பி. டிஸ்க்குக்குப் போட்ட சட்டை.

இனி அந்தக் கறுப்புத் திரைக்கு வருவோம். இரட்டை இயங்குதள மடிக்கணினியில் அந்த 446 பைட் இடத்தில் உட்கார்ந்திருந்தது 'கிரப்' என்ற லினக்ஸின் தொடக்க நிரல். 446 பைட்டில் அதிகம் எழுத முடியாது. ஆகவே அது தன் மீதிப் பகுதியை, 'விண்டோஸா பாஸா' என்று கேட்கும் பட்டியல் உட்பட, லினக்ஸ் பார்ட்டிஷனில் வைத்திருந்தது. அந்தப் பார்ட்டிஷனை அழித்ததும் தலை இருக்கிறது, உடல் இல்லை. விண்டோஸ் ஒரு பைட் குறையாமல் பக்கத்திலேயே நல்லபடியாக இருக்கிறது. அதைக் கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் டி.வி.டி.யைப் போட்டு, பழுது நீக்கும் கட்டளைத் திரையில் 'பூட்ரெக்', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று அடித்தால், அட்டவணையின் 64 பைட்டைத் தொடாமல் முதல் 446 பைட்டை மட்டும் திருப்பி எழுதும். சில வினாடி வேலை.

இதற்கே முழு டிஸ்க்கையும் ஃபார்மட் அடித்தார்கள். அப்படியானால் ஃபார்மட் அடிப்பது என்பதுதான் என்ன? நம் ஊரில் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகளைத் திணித்துவிட்டோம். அந்தக் குழப்பம் இரண்டு பக்கமும் அடிக்கிறது. காப்பாற்ற வேண்டியது போய்விடுகிறது. போக வேண்டியது அப்படியே தங்கிவிடுகிறது.

முதல் வேலை, அட்டவணையை மாற்றுவது. ஒரு பார்ட்டிஷனை அழித்தால் அழிவது 16 பைட். அதில் இருந்த பல்லாயிரம் ஃபைல்களில் ஓர் எழுத்துகூடக் கலைவதில்லை. அதனால்தான் டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருளால் தொலைந்த பார்ட்டிஷனை மீட்க முடிகிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது அது. டிஸ்க்கைச் செக்டர் செக்டராகத் துழாவி, 'இங்கே ஒரு ஃபைல் அமைப்பு தொடங்குகிறது' என்ற அடையாளங்களைக் கண்டுபிடித்து, அட்டவணை வரியைத் திரும்ப எழுதிக் கொடுக்கும். தொடக்கமும் நீளமும் சரியாக அமைந்தால் எல்லாம் பழையபடி வந்து நிற்கும்.

இரண்டாவது, பார்ட்டிஷனுக்குள் புதிதாகப் பொருளடக்கம் எழுதுவது. 'குவிக் ஃபார்மட்' செய்வது இதைத்தான். காலியான பொருளடக்கம் ஒன்றை எழுதிவிட்டு, மற்ற இடமெல்லாம் காலி என்று அறிவித்துவிடும். அறிவிப்புதானே தவிர, இடம் காலியாவதில்லை. 'ஃபுல் ஃபார்மட்' பற்றி ஒரு தவறான எண்ணம் கடைகளில் நிறையப் பேருக்கு உண்டு. எக்ஸ்.பி. காலத்தில் அது டிஸ்க்கைப் படித்துப் பழுதான செக்டர் இருக்கிறதா என்று பார்த்தது, எதையும் அழிக்கவில்லை. விஸ்டாவில் இருந்துதான் முழு ஃபார்மட் உண்மையிலேயே சைபர்களை எழுதத் தொடங்கியது.

மூன்றாவது, துடைப்பது. ஒவ்வொரு செக்டர் மேலும் வேறு எதையாவது எழுதி மூடுவது. இது மட்டுமே அழிப்பு.

இந்த மூன்றாவதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரபலமான ஆய்வு இருக்கிறது. எம்.ஐ.டி.யில் மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 2000-இலிருந்து 2002 வரை பழைய டிஸ்க்குகள் 158 வாங்கிச் சேர்த்தார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கடனட்டை எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் இல்லினாய் மாநிலத்தின் ஏ.டி.எம். ஒன்றில் இருந்தது, கணக்கு எண்களோடு அப்படியே விற்பனைக்கு வந்திருந்தது. 2003-இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள்.

நம் பக்கத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த பெண் வைத்திருந்த மடிக்கணினியில் என்ன இருக்கும்? மாற்றுச் சான்றிதழ் ஸ்கேன், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், அப்பாவின் ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த மடிக்கணினி தம்பியிடம் போகும், அங்கிருந்து செகண்ட் ஹேண்ட் கடைக்கு. கடையில் குவிக் ஃபார்மட் அடித்து, விண்டோஸ் போட்டு விற்பார்கள். புதிய விண்டோஸ் ஒரு 20 ஜி.பி.யை மூடும். மீதி 278 ஜி.பி. யார் கையில் கிடைக்கிறதோ அவருடைய மனசாட்சியைப் பொறுத்தது.

துடைக்க எத்தனை முறை எழுத வேண்டும்? 35 முறை என்று ஒரு கதை இன்னும் சுற்றுகிறது. 1996-இல் நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய பலவகை டிஸ்க்குகள் பதிவு செய்யும் முறைகள் அனைத்தையும் ஈடுகட்டுவதற்காக அவர் 35 வடிவங்களைப் பட்டியலிட்டார். ஒரே டிஸ்க்குக்கு 35-உம் தேவையில்லை என்று அவரே பின்னால் எழுதினார். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டும், 2001-க்குப் பின் வந்த 15 ஜி.பி.க்கு மேற்பட்ட டிஸ்க்குகளுக்கு ஒருமுறை எழுதினாலே போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. இன்றைய தட்டில் தகவல் அத்தனை நெருக்கமாகப் பதிகிறது. மேலே எழுதியதைத் தாண்டி அடியில் இருந்ததைப் படிக்க இடமே மிச்சமில்லை. கணக்கும் அதையே சொல்கிறது. வினாடிக்கு சராசரி 60 எம்.பி. என்றால் 320 ஜி.பி. டிஸ்க்கை ஒருமுறை மூட ஒன்றரை மணி நேரம். 35 முறைக்கு இரண்டு நாளுக்கும் மேல். 2012-இல் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் மின்வெட்டு இருந்த இருப்பில் அதை யாரும் முடித்திருக்க முடியாது.

துடைக்கும் வேலையை நேரில் பார்ப்பது ஒரு நல்ல அனுபவம். லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, முதலில் 'எல்எஸ்பிஎல்கே' என்று அடிக்க வேண்டும். இணைந்திருக்கும் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். எஸ்டிஏ 298.1 ஜி, எஸ்டிபி 14.9 ஜி என்பதுபோல. முன்னது மடிக்கணினியின் டிஸ்க், பின்னது நீங்கள் செருகிய பென் டிரைவ். அளவைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். எஸ்டிஏ என்றால் எப்போதும் உள்ளே இருக்கும் டிஸ்க்தான் என்று நம்பக் கூடாது. அந்த எழுத்து நிலையானதல்ல. ஒருவர் ஃபோட்டோக்களைப் பத்திரப்படுத்திய வெளி டிஸ்க்கையும் செருகி வைத்துக்கொண்டே துடைக்க உட்காருவார். அங்கேதான் வினை. துடைக்கும்போது அந்தக் கணினியில் துடைக்க வேண்டியதையும் லினக்ஸ் பென் டிரைவையும் தவிர வேறு டிஸ்க் எதுவும் இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிறகு 'டிடி' கட்டளை எஸ்டிஏ மீது சைபர்களை எழுதத் தொடங்கும். வேகத்தைக் கவனித்தால், தொடக்கத்தில் அதிகமாக இருந்து முடிவுக்கு வரவர ஏறக்குறையப் பாதியாகக் குறையும். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். எழுதுவது தட்டின் வெளி விளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் போகிறது. வெளிவட்டம் பெரிது, ஒரு சுற்றில் அதிகச் செக்டர்கள் முனையின் அடியில் ஓடும். உள்வட்டம் சிறிது. தட்டின் வட்ட வடிவத்தையே அந்த எண்களில் காணலாம். விண்டோஸ் டி.வி.டி. மட்டும் இருந்தால் 'டிஸ்க்பார்ட்' என்ற கருவி உண்டு. அதில் 'க்ளீன்' என்றால் அட்டவணை மட்டும் போகும். 'க்ளீன் ஆல்' என்றால் எல்லாச் செக்டரும் சைபராகும். அந்த ஒரு சொல்லில்தான் சில வினாடிக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குமான வித்தியாசம் இருக்கிறது.

எஸ்.எஸ்.டி.யில் இந்த வைத்தியம் முழுதாகப் பலிக்காது. அதில் சுழலும் தட்டு இல்லை, ஃபிளாஷ் சில்லுகள்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் சில்லு தேயும் என்பதால், 'இந்தச் செக்டரில் எழுது' என்று நாம் சொன்னாலும் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு வேறொரு புது இடத்தில் எழுதிவிட்டு, பழையதை ஓரமாகப் போட்டு வைக்கும். ஆகவே மேலே எழுதி மூடுவதை நம்ப முடியாது. டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் 'செக்யூர் இரேஸ்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். இன்னும் நல்லது, முதல் நாளிலிருந்தே டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து வைப்பது. விற்கும்போது சாவியை அழித்தால் போதும்.

துடைத்தாயிற்று. இனிப் பிரிப்பது. இந்த வட்டாரத்து வாசகருக்கு இதை விளக்குவது சுலபம். வெடி ஆலையை ஒரே பெரிய கொட்டகையாகக் கட்டுவதில்லை. மருந்து கலக்க ஓர் அறை, செலுத்த ஓர் அறை, காயவைக்க ஒரு மேடை, முடிந்த சரக்குக்குத் தனிக் கிடங்கு. நடுவே விதிப்படி இடைவெளி. ஓர் அறையில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவக் கூடாது. இயங்குதளத்துக்கு ஒரு பார்ட்டிஷன், நம் ஃபைல்களுக்கு ஒரு பார்ட்டிஷன் என்று பிரிப்பதும் இதே காரணத்துக்குத்தான். வைரஸ் புகுந்தோ அப்டேட் சொதப்பியோ சி டிரைவைத் திரும்ப ஃபார்மட் அடிக்க வேண்டி வந்தாலும் டி டிரைவ் பாட்டுக்கு இருக்கும்.

ஆனால் இந்த ஒப்புமையை ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். ஆலையில் அறைகள் தனித்தனிக் கட்டடங்கள். டிஸ்க்கில் எல்லா அறைகளும் ஒரே தட்டின் மேல், ஒரே மோட்டாரை நம்பி நிற்கின்றன. மடிக்கணினி கீழே விழுந்தால் சி-யும் போகும், டி-யும் போகும். "எல்லாத்தையும் டி டிரைவ்ல பேக்கப் எடுத்து வச்சிருக்கேன்" என்று யாராவது சொன்னால், அது பேக்கப் இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இருக்கிற பார்ட்டிஷனை அழிக்காமல் சுருக்கவும் நகர்த்தவும் மென்பொருள்கள் உண்டு. நகர்த்துவது என்றால் கோடிக்கணக்கான செக்டர்களை ஒவ்வொன்றாக இடம்பெயர்ப்பது. பாதியில் மின்சாரம் போனால் பாதி இங்கே, பாதி அங்கே. பேட்டரி செத்த பழைய மடிக்கணினியில் இதைச் செய்யவே வேண்டாம். ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகப் பிரிப்பதே மேல்.

புதிய கணினிகளில் பழைய 64 பைட் அட்டவணைக்குப் பதில் ஜி.பி.டி. என்ற ஏற்பாடு இருக்கிறது. இன்டெல் தொடங்கிய இ.எஃப்.ஐ. திட்டத்தோடு வந்தது. வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை இடம், அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில், இரண்டும் கெடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண். தொடக்க நிரல் 446 பைட்டுக்குள் முடங்கிக் கிடப்பதில்லை. அதற்கென்று தனிப் பார்ட்டிஷனே உண்டு. நிறுவும்போது பட்டியலில் 100 எம்.பி. அளவில் தெரியும் அந்தக் குட்டிப் பார்ட்டிஷனை 'இது எதற்கு' என்று அழிப்பவர்கள்தான் இன்றைய கிரப் ரெஸ்க்யூ பிள்ளைகள்.

கடைசியாக, சிவகாசி அச்சகத்தாருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பம் வெளியாவது இந்த ஊர் வழக்கம். அதற்கு முந்தைய மாதங்களில் டி.டி.பி. கணினிகள் ஓயாது. சீசன் முடிந்ததும் "சிஸ்டம் ஸ்லோ, ஓ.எஸ். மாத்திரலாம்" என்று டிசைன் ஃபைல்களை எல்லாம் வெளி டிஸ்க்கில் ஏற்றிவிட்டு ஃபார்மட் அடிப்பார்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் செய்த பக்கங்கள் அவற்றில் ஏராளம். அந்தப் பக்கங்களில் உண்மையில் பதிந்திருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள். பாமினியோ வானவில்லோ அந்தந்த எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துருக்கள் கிடப்பதோ சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். ஃபைலைக் காப்பாற்றி எழுத்துருவைத் தொலைத்தால், பத்து வருட உழைப்பு ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் எழுத்துக் குறியீட்டுத் தரமாக அறிவித்த பிறகும் பழைய ஃபைல்கள் பழைய முறையிலேயேதான் இருக்கின்றன. ஆகவே ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் சேர்த்து எடுங்கள்.

2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. கொடுக்கும் நாளில் ஒரு பீரியடை இதற்கு ஒதுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலைத் திரையில் காட்டி, எது எதற்கு, எதைத் தொடக் கூடாது என்று சொன்னால் போதும். வீட்டில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதை விற்கும் முன் டிஸ்க்கை முழுதாகத் துடையுங்கள். புதிய ஓ.எஸ். போட நினைப்பவர்கள் முதலில் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்த நகலை இன்னொரு கணினியில் செருகி, இரண்டு ஃபோட்டோவும் ஒரு சான்றிதழும் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால் மட்டும் ஃபார்மட் அடியுங்கள்.